நாக்கு ஒட்டும் மாத்திரை

எங்கள் அலுவலகத்தில் கழிப்பறை கதவுக்கு வெளியே இருக்கிறது. ஊரில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். நமக்கெல்லாம் அது எப்போதும் வெளியேதானே இருந்தது. இங்கே விஷயம் வேறு. பெங்களூரில் நான் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில், கழுத்தில் தொங்கும் அட்டையைச் சுவரில் இருக்கும் கருவியில் காட்டினால்தான் கண்ணாடிக் கதவு திறக்கும். போகும்போது ஒரு பீப், வரும்போது ஒரு பீப். கழிப்பறை அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். ஆக, நான் எப்போதெல்லாம் எழுந்து போனேன் என்பது எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை என்று எச்.ஆரில் சொன்னார்கள். யாரும் பார்க்காத ஒன்றை எதற்குப் பதிவு செய்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, மனதில் வைத்துக்கொண்டேன்.

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது என்பார் என் கணவர் குமரேசன். இருக்கட்டும். திருப்பத்தூரிலிருந்து கிளம்பி வந்து, மொழி பாதி புரிந்தும் பாதி புரியாமலும் ஒரு ஊரில் குடித்தனம் நடத்துகிறவளுக்குச் சந்தேகம் இல்லாவிட்டால்தான் ஆபத்து. வந்த புதிதில், நான் அடிக்கடி வெளியே போய் வருவதைப் பார்த்த செக்யூரிட்டிக்காரர், "ஹுஷாராகிதீரா மேடம்?" என்று கேட்டார். உஷாராக இரு என்று மிரட்டுகிறார் போலும் என்று பயந்து, அன்று சாயங்காலம் வரை இருக்கையை விட்டு எழவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா என்றுதான் அந்த மனிதர் கேட்டிருக்கிறார். உண்மையில் உடம்பு நன்றாக இல்லை என்பதுதான் வேடிக்கை.

நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியே கிளம்புகிறோம் என்றால் முதல் நாளே தண்ணீரைக் குறைத்துவிடுவோம். பள்ளிக்கூடத்தில் படித்தபோது காலையில் காபி கூடக் குடிக்காமல் போவேன். அங்கிருந்த கழிப்பறைக்குள் யாரும் கால் வைக்க மாட்டோம். கல்யாண வீடு, பஸ் பயணம், கோயில் என்று எல்லா இடத்திலும் அடக்கிக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். அப்படிப்பட்ட நான் ஐம்பதை நெருங்கும்போது அடக்க முடியாதவளாக ஆனேன். திடீரென்று வரும். வந்தால் உடனே போக வேண்டும். குழாயைத் திறக்கிற சத்தம் போதும், பூட்டைத் திறக்கச் சாவியை எடுத்தால் போதும். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ் நின்றால் எனக்கு உயிர் போய்விடும். ஒரு நாள் புடவையோடு நனைந்து, பையால் மறைத்துக்கொண்டு எங்கள் வீடு இருக்கிற ஈஜிபுரா வரை நடந்தே வந்தேன். அன்று இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி அழவேண்டும் போல் இருந்தது. வீட்டில் விஷயத்தைச் சொன்னதற்குப் பெங்களூர்க் குளிர் அப்படித்தான் என்றார் குமரேசன்.

கடைசியில் தனியாகவே ஒரு மருத்துவரிடம் போனேன். கன்னடக்காரப் பெண்மணி, தமிழும் ஓரளவு பேசுவார். சர்க்கரை பார்த்தார், சிறுநீர் சோதனை செய்தார், ஸ்கேன் எடுத்தார். கண்ணில் பிரஷர் இருக்கிறதா என்றுகூடக் கேட்டார். கீழே இருக்கிற கோளாறுக்கு மேலே இருக்கிற கண்ணை எதற்கு விசாரிக்கிறார் என்று யோசித்தேன். நோய்க்கு ஓவர் ஆக்டிவ் பிளாடர் என்று பெயர் சொன்னார். பை நிறைவதற்கு முன்பே அதன் தசை தானாக இறுகுகிறது. அந்த இறுக்கத்தை அடக்க ஒரு மாத்திரை, அந்த வகைக்கு ஆன்டிகோலினெர்ஜிக் என்று பெயர். வாய் வறளும், மலச்சிக்கல் வரும், குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும். கூடவே தண்ணீரை ரொம்பக் குறைக்காதீர்கள் என்றார். அடிக்கடி போகிறவளைத் தண்ணீர் குடிக்கச் சொல்கிற டாக்டரை அப்போதுதான் பார்க்கிறேன். எழுந்திருக்கும்போது, "மனேல வயசாதவரு இதாரா மேடம்?" என்று கேட்டார். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா என்று இவருக்கு எதற்கு? அடுத்த பேஷன்ட்டுக்கு இப்போதே வலை போடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. மாமியார் இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார் என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மாத்திரை வேலை செய்தது. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. சில வாரங்களில், சாவியை எடுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது நின்றது. மாமியாரை அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், ஆரத்தி முடிகிற வரை உட்கார்ந்திருந்தேன். ஆனால் வாய் வறண்டது. என் வேலையே பேசுவது. தமிழ்நாட்டிலிருந்து போன் செய்கிறவர்களுக்கு அவர்களின் கிளெய்ம் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் 'டக்' என்று பிரியும். அந்தச் சத்தம் போனில் அந்தப் பக்கம் கேட்கிறதோ என்று கூசும். ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டே பேசப் பழகினேன். புடவை நனைவதற்கு நாக்கு ஒட்டுவது எவ்வளவோ மேல்.

என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் காலமான பிறகு, ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு அவரை இங்கே அழைத்து வந்தோம். எழுபது தாண்டியவர், ஆனால் கணக்கில் புலி. காய்கறிக்காரரிடம் கன்னடம் தெரியாமலே பேரம் பேசி ஜெயித்து வருவார். எங்கள் வீடு இரண்டு அறை, ஒரே பாத்ரூம். அதன் கதவு கூடத்தைப் பார்த்து இருக்கிறது. உள்ளே ஒரு மக் தண்ணீர் ஊற்றினாலும் டிவி பார்ப்பவருக்குக் கேட்கும். கோடையில் வீட்டு ஓனர் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் திறந்துவிடுவார், மற்றதெல்லாம் லாரித் தண்ணீர். ஊர் வீட்டில் கொல்லைப்புறம் இருந்தது, யார் எப்போது போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. இங்கே யார் போனாலும் மூன்று பேருக்கும் தெரியும்.

இந்த நேரத்தில் என் மாத்திரைகள் குறைய ஆரம்பித்தன. மாதக் கடைசி வரை வர வேண்டிய அட்டைகள் முன்பே தீர்ந்துபோயின. முதலில் மருந்துக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டு, அவர் எதிரிலேயே அட்டைகளைப் பிரித்துப் பார்த்து வாங்கினேன். அவர் முகம் சுருங்கியது. அடுத்தது குமரேசன். இங்கிலீஷ் மருந்து சூடு, விட்டுவிடு என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர்தான். எனக்குத் தெரியாமல் எடுத்துத் தூரப் போடுகிறார் என்று முடிவு கட்டினேன். ஒரு நாள் கேட்டும் விட்டேன். அவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து மாத்திரையைக் கைப்பையில் வைத்து, பையை அலமாரியில் வைத்தேன். வீட்டில் இருக்கிற நாட்களில் அது அங்கேயே இருக்கும்.

அதே சமயம் அத்தையிடம் ஏதோ மாறியது. காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மகனைப் பார்த்துக் குமார் எப்போது வருவான் என்று கேட்டார். பாத்ரூமுக்குள் யாரோ ஒரு பெண் நிற்பதாகச் சொல்லி, உள்ளே போக மறுத்தார். பேப்பரைத் தூரத்தில் பிடித்து, எழுத்தெல்லாம் கலங்குகிறது என்றார். தினம் வாழைப்பழம் வேண்டும் என்றார். ஊரிலிருந்து குமரேசனின் அண்ணன் போனில் பேசி, இது ஞாபக மறதி நோய்தான், இனி சரியாகாது என்று தீர்ப்புச் சொன்னார். ஊருக்குப் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற விடுதி ஒன்று இருக்கிறதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போவதாகச் சொன்னார். குமரேசன் சரி என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் யார் மீது என்று தெரியவில்லை. காய்கறிக்காரரை மடக்கிய பெண் இத்தனை சீக்கிரம் எங்கே போவார்?

வியாழக்கிழமை காலை. அத்தை சமையலறை வாசலில் உட்கார்ந்து, தன் பெட்டியில் எந்தப் புடவைகளை வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்கண்டு ஒன்று அவர் கன்னத்தில் அடங்கியிருந்தது. "அந்த மாம்பழக் கலரு வேணாம், மலரு. அது…" என்று நிறுத்தினார். டக். "அது இங்கயே இருக்கட்டும்." மறுபடி டக். என் கையிலிருந்த புடவையை அப்படியே கட்டிலில் போட்டேன். அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். தினமும் என் வாய்க்குள் கேட்கிற சத்தம் அது.

வாசல் கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். கைப்பையை எடுத்துக் காட்டி, இதிலிருந்து எடுத்தீர்களா அத்தை என்று கேட்டேன். அவர் கல்கண்டை மறு கன்னத்துக்கு ஒதுக்கினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"உனக்கு நின்னுச்சு," என்றார். "கோயில்ல அவ்ளோ நேரம் உக்காந்திருந்த. எனக்கும் நிக்கும்னு பாத்தேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே அத்தை."

"மருமககிட்ட போயி எனக்கு ஒண்ணுக்கு நிக்கலன்னு சொல்லுவாங்களா? நான் தண்ணி ஊத்துற சத்தத்த நீங்க ரெண்டு பேரும் எண்ணிட்டு இருக்கீங்களோன்னு வேற பயம். லாரித் தண்ணி வேற."

நான் பீப் சத்தத்துக்குப் பயந்ததும் அவர் மக் சத்தத்துக்குப் பயந்ததும் ஒன்றுதான் என்று அப்போது புரிந்தது. ஒரே வீட்டில், ஒரே நோயை வைத்துக்கொண்டு, இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் வேவு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். நம் வீடுகளில் மருந்து என்பது குழம்பு போலத்தான். ஒருவருக்குக் கேட்டது என்றால் எல்லோருக்கும் ஒரு கரண்டி. தலைவலி மாத்திரையை அப்படிக் கைமாற்றியே வளர்ந்தவர்கள் நாம்.

அன்றே அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அத்தையை அதே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. "ஃபர்ஸ்ட் டேயே கேட்டேனல்லா மேடம், வயசானவங்க இருக்காங்களான்னு?" என்று மட்டும் சொன்னார். வயதானவர்களின் மூளைக்கு இந்த வகை மாத்திரை ஆகாமல் போகலாம். குழப்பம் வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். பெங்களூர்க் குளிருக்கென்று அத்தை தினமும் போட்டுக்கொண்டிருந்த சளி மாத்திரைக்கும் அதே குணம் உண்டாம். இரண்டும் சேர்ந்துதான் இந்த வேலை. இரண்டையும் நிறுத்தச் சொன்னார். மறதி நோயே இல்லை என்று இன்று சத்தியம் செய்ய மாட்டேன், நிறுத்திவிட்டுப் பொறுத்துப் பார்ப்போம் என்றார். இத்தனை நாள் இவரை எப்படியெல்லாம் நினைத்தேன் என்று வெட்கமாக இருந்தது. இருந்தாலும் புது மருந்துச் சீட்டை இரண்டு முறை படித்த பிறகுதான் பையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று அண்ணனுக்குக் குமரேசனே போன் செய்து சொன்னார். அதன் பிறகு வந்த நாட்கள்தான் மோசமானவை. காலையில் எழுந்ததும் அத்தையின் முகத்தைப் பார்ப்பேன். இன்று நம்மை அடையாளம் தெரியுமா? பாத்ரூமில் அந்தப் பெண் இன்னும் நிற்கிறாளா? மெல்ல மெல்லத் தெளிந்தது. ஒரு காலை, கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்குப் போய் இவ்வளவா கொடுத்தாய் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான். குமரேசன் அடுக்களைக்கு வந்து தன் அம்மா திட்டுவதை நின்று கேட்டார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு குளிக்கப் போனார். இப்போது நாங்கள் இருவரும் கடிகாரம் பார்த்துப் போகிறோம். அவசரம் வந்தால் கொஞ்சம் நின்று, இறுக்கிப் பிடித்து, பிறகு நடக்கிறோம். அத்தைக்குச் சாயங்காலக் காபி கிடையாது. எனக்கு மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். பூட்டியிருந்த வீட்டைத் திறந்து, கழுவிவிட்டு, நான்கு நாள் இருந்தோம். அத்தை இஷ்டப்பட்டபோதெல்லாம் கொல்லைக்குப் போய் வந்தார், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். இங்கேயே இருந்துவிடுங்கள், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று குமரேசனின் அண்ணன் கூப்பிட்டார். அத்தை இருந்துவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். கிளம்புகிற அன்று பெட்டியோடு வாசலில் நின்றார். ஏன் அத்தை, இங்கே வசதியாகத்தானே இருந்தது என்று பஸ்ஸில் ஏறிய பிறகு கேட்டேன்.

"இங்க போறதுக்கு எடம் இருக்கு, சொல்றதுக்கு ஆளு இல்ல," என்றார். "அங்க சொல்றதுக்கு நீ இருக்க. எடந்தான் இல்ல."

பஸ் கிளம்பும் முன்பே கண்டக்டரிடம், ஓசூரில் நிறுத்துவீர்கள்தானே என்று நான் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அத்தையும் கேட்டார். ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்கினோம். இங்கே இன்னும் தமிழ்நாடுதான், ஆனால் ஊர் பின்னால் போய்விட்டது. கொஞ்ச தூரத்தில் பலகைகளின் எழுத்து மாறிவிடும். கட்டணக் கழிப்பறை வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் நான் போனேன், போகும்போது கைப்பையை அத்தையிடம் கொடுத்தேன். திரும்பி வந்து பையை வாங்கியதும் என் கை தானாக ஜிப்பைத் தடவிப் பார்த்தது. அத்தை அதைக் கவனித்துவிட்டார்.

"எண்ணிப் பாத்துக்க மலரு," என்று சிரித்தார்.

பிறகு தன் பையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார். நான் இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, கிளம்பிவிடாமல் பஸ்ஸின் மேல் ஒரு கண்ணும் அந்தக் கதவின் மேல் ஒரு கண்ணுமாக நின்றுகொண்டிருந்தேன்.