எனக்காகப் பேச ஆளில்லாத அறை

அறையில் கோச் இருந்தார், மேனேஜர் இருந்தார், கானாக்காரன் கோஃபி இருந்தான், நான் இருந்தேன். எனக்காக வாய் திறக்க ஒருவரும் இல்லை. மாலத்தீவில் எங்கள் கால்பந்து கிளப்பில் இது ஒரு வழக்கம். சீசன் முடிந்ததும் வெளிநாட்டு ஆட்டக்காரனைக் கூப்பிட்டு, "உன்னை ஏன் இன்னொரு வருஷம் வைத்துக்கொள்ள வேண்டும்?" என்று அவனிடமே கேட்பார்கள். இந்த முறை எங்கள் இருவருக்கும் இருந்தது ஒரே இடம்.

கோஃபி யோசிக்கவே இல்லை. "நான் போனால் உங்களுக்குக் கோல் அடிக்க ஆளில்லை" என்றான். பாதி சீசன் முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு படுத்திருந்தவன். இலங்கையில் என் ஊர் மாத்தளையில் அப்படிப் பேசியிருந்தால், "என்னா மச்சான், கிரவுண்ட ஒன் பேருக்கே எழுதிட்டாங்களா?" என்று பையன்கள் மானத்தை வாங்கியிருப்பார்கள். மாவட்ட அணித் தெரிவு நாளன்று நான் பூட்ஸ் நாடாவைக் கட்டுகிற சாக்கில் குனிந்தே இருந்தேன். எங்கள் டீமைப் பார்த்துக்கொண்ட நஸீர் நானாதான் போய்ப் பேசினார்: "இவன எடுங்க சேர். இவன் பின்னால நின்டா கோல்கீப்பர் தூங்கலாம்." எங்களூரில் முறை அதுதான். நம் திறமையை அடுத்தவர் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதன்முதலாக ஏ.எல். என்ற உயர்தர வகுப்பு வரை படித்தவன் நான். முன்னேறுவது எப்படி என்று புத்தகங்கள் வாசித்தேன், ஆங்கிலம் பழகினேன், விடியுமுன் எழுந்து ஓடினேன். என்னைப் பற்றி நானே நல்லதாக நாலு வார்த்தை சொல்ல மட்டும் வரவில்லை.

"டீமில் எல்லாருமே நன்றாக விளையாடுகிறார்கள். எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பேன்" என்றேன். கோச் மேனேஜர் பக்கம் திரும்பி, "இவனுக்கு மேலே வரும் ஆசை இல்லை" என்றார். அந்த ஆசையில்தான் நான் கடல் தாண்டி வந்திருந்தேன்.

அன்று அப்பா ஊரிலிருந்து போன் எடுத்தார். "என்னா தம்பி, கேட்டாங்களா?"

கேட்டார்கள் என்றேன். என் பதிலையும் சொன்னேன்.

"நல்ல மாதிரியா சொல்லியிருக்க. அடக்கமானவன யாருப்பா விடுவாங்க?"

மறுவாரம் கோஃபியை வைத்துக்கொண்டார்கள்.

நான் இப்போது மாலேயில் ஒரு கடைக்குப் பெட்டி இறக்குகிறேன். இங்கே என்னை 'லங்கா' என்று கூப்பிடுகிறார்கள். நான் பந்து ஆடியவன் என்பது யாருக்கும் தெரியாது. ஊரில் அம்மா, கோயிலில் கேட்பவர்களிடமெல்லாம், "மகன் மாலேல விளையாடுறான்" என்கிறாள். ஏஜென்டுக்குக் கொடுக்க விற்ற த்ரீவீல் ஆட்டோவையே அப்பா நாள் வாடகைக்கு எடுத்து, மாத்தளைக்கும் பலாபத்வலைக்கும் இடையே ஓட்டுகிறார். அதை விற்ற காசும் அம்மாவின் வளையல்களும் சேர்ந்து, என்னை இங்கே அனுப்ப வீட்டுக்கு ஆனது ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.