இரண்டு ஏடுகளும் ஒரு மூக்கும்

இரண்டு நாவல்களும் ஒரு கட்டுக் கேலிச்சித்திரங்களும் விட்டுச்சென்ற, பத்தொன்பதாம் நூற்றாண்டு வட்டுக்கோட்டைக்காரர் ஒருவரின் வாழ்க்கையை நான் எழுதி முடித்தபோது, போர்க்காலத் தடையில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, அச்சுத்தாளும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்துத்தர ஓர் அச்சகம் ஒப்புக்கொண்டது. திங்கட்கிழமை முதற்பக்கம் அச்சில் ஏறவேண்டும்.

அந்தப் பக்கத்தின் முதல் வரி அவர் பிறந்த நாள். எனக்கு முன் எழுதியவர்கள் ‘ஏறத்தாழ’ என்று நழுவியிருந்தார்கள். நான் அவருடைய ஓலைச் சாதகத்தைத் தேடிப்பிடித்து நாழிகைவரை கணித்திருந்தேன். அந்த ஒரு வரிக்காகவே நூலை எழுதினேன் என்றாலும் பொய்யில்லை.

ஞாயிறு காலை வம்சாவளியைச் சரிபார்க்க நூலின் பிரதியோடு அவருடைய மகனின் பேத்தியிடம் சைக்கிளில் போனேன். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. வம்சாவளித் தாளை ஒருமுறைதான் பார்த்தார்.

“தம்பி, தமையன் பிறந்து அஞ்சாம் மாதம் இவர் பிறந்திட்டாரோ?”

“தமையன்ரை சாதகம் பிழை, அக்கா. அடிக்குறிப்பிலை எழுதியிருக்கிறன்.”

“அந்த மனுசன் கலியாணமே கட்டேல்லை. அவரின்ரை சாதகத்திலை ஆர் கை வைக்கப்போகினம்? உங்கடை ஆளுக்குத்தான் செவ்வாய்க் குற்றம். பொம்பிளை வீட்டுக்குக் காட்டவெண்டு வேறை நாள் வைச்சு எழுதினது உது.”

“அப்ப உண்மையான சாதகம்?”

“அதை வைச்சிருப்பினமே? அடுப்புக்குள்ளை போயிருக்கும்.” பிரதியைப் புரட்டிப் படங்களைப் பார்த்தார். “ நம்பாட்டி உங்கடை முப்பதாம் பக்கத்தைப் பாருங்கோ.”

பார்த்தேன். வட்டுக்கோட்டைக்காரர் வரைந்த கேலிச்சித்திரம்: கைக்கு ஒன்றாக இரண்டு சாதக ஏடுகளுடன் ஒரு சோதிடர். எதிரே கண்ணை மூடித் தலையாட்டும் பெண்ணின் தகப்பன். ‘சமூகச் சீர்கேட்டைச் சாடும் சித்திரம்’ என்று கீழே எழுதியிருந்தவன் நான். சோதிடரின் தோளுக்குப் பின்னால் எட்டிப்பார்க்கும் மாப்பிள்ளையின் நீண்ட, நுனி வளைந்த மூக்கை நான் கவனிக்கவேயில்லை. அக்கா தன் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார். அதே மூக்கு.

திரும்பி வரும் வழியிலேயே முடிவெடுத்துவிட்டேன். பிறந்த நாளை வெட்டினேன். அந்த இடத்துக்கு முப்பதாம் பக்கத்துப் படத்தைக் கொண்டுவந்தேன். தமையனைக் குறைசொன்ன அடிக்குறிப்பும் போயிற்று.

திங்கட்கிழமை, எழுத்துக் கோப்பவர் பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணை, ஆள் செத்த நாள் கிடக்கு. பிறக்கேல்லையோ?”

“பிறந்தவர்தான். படத்திலை மூண்டாவது ஆளைப் பாரும்,” என்றேன். “அந்த மூக்கிலை மை கொஞ்சம் வடிவாப் பிடிக்கவேணும்.”