வலப்பக்கம், நான்காவது வரிசை

விமானத்தில் எந்த ஜன்னலோரம் உட்கார்ந்தால் நன்றாகப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஆராய்ச்சியை ஒரு மாதம் உட்கார்ந்து செய்தவன் நான். உருப்படாத ஆராய்ச்சி.

என் மனைவிக்குச் சர்க்கரை. அது கண்ணுக்குள் போய் நரம்பைத் தின்றுகொண்டிருந்தது. பார்வை இன்னும் ஆறு மாதம் தாங்கினால் பெரிது, எதற்கும் கோயம்புத்தூரில் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று ஆலங்காயம் திரும்பும் பஸ்ஸில் அவள் மலைப் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். அவள் பிறந்தது அந்த மலைமேல், புதூர்நாட்டுப் பக்கம். சின்ன வயதில் ஆடு மேய்த்தபோது தலைக்கு மேலே விமானம் போவதை அண்ணாந்து பார்த்தவள்.

"மேலருந்து நம்ம மலை எப்பிடிங்க இருக்கும்? கண்ணு இருக்க சொல்லோ ஒரு தபா பாத்துடணும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவள் கேட்டது அது ஒன்றுதான்.

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் நேராகக் கோயம்புத்தூர். அதை விட்டுவிட்டு எதிர்த்திசையில் சென்னைக்குப் போய் விமானம் ஏறுகிறேன் என்றால் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் எனக்குக் கழன்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மச்சான் வீட்டுக்கே வந்து கேட்டான். உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போடா என்று கத்தினேன். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

வாணியம்பாடியில் டிக்கெட் போடுகிற பாய் பொறுமைசாலி. அவரை நாலு தடவை கம்ப்யூட்டரில் மேப்பைத் திறக்க வைத்தேன். சென்னையிலிருந்து கோயம்புத்தூர் போகும்போது எங்கள் மலை வலக்கைப் பக்கம் வரும். அதனால் வலப்பக்க ஜன்னல். நடுவில் உட்கார்ந்தால் இறக்கை மறைக்கும், அதனால் நான்காவது வரிசை. மதிய வெயில் இடப்பக்கம் விழும், எங்கள் பக்கம் கண் கூசாது. விடியற்காலை விமானத்தில் போகலாமே என்றார் பாய். மலையில் பத்து மணி வரை பனி விலகாது. புதூர்நாட்டுக்கு ஜீப் ஓட்டிய எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு மணி விமானம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

"இன்னாண்ணே, மலைய வெலைக்கு வாங்கப் போறீங்களா?" என்று சிரித்தார்.

கிளம்பும் நாள் காலையில் சென்னையில் ஒரே மேகமூட்டம். வானத்தைப் பார்த்துத் திட்டித் தீர்த்தேன். விமான நிலையத்துக்குள் அவள் என் சட்டைக் கையைப் பிடித்தவள், விடவே இல்லை. கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறாள் என்று நினைத்தேன். சீட் பெல்ட்டை மடியில் தடவித் தேடினாள். முதல் தடவை அல்லவா என்று நானே மாட்டிவிட்டேன். மடையன்.

மேலே போனதும் மேகம் கலைந்தது. கொஞ்ச நேரத்தில் மலை வந்தது. மடிப்பு மடிப்பாக, பச்சையாக, அதற்குப் பின்னால் ஏலகிரி தனியாக. ஒரு துளி மேகம் இல்லை. அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். நான் போட்ட கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒரே பனியா கீதுங்க. ஒண்ணுமே தெரியல."

நான் இன்னொரு தடவை வெளியே பார்த்தேன். மலை அப்படியே இருந்தது. சட்டைக் கையை ஏன் விடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. டாக்டர் சொன்ன ஆறு மாதமெல்லாம் அவள் கண்ணுக்கு இல்லை. எத்தனை நாளாக அடுப்பைத் தடவித் தடவிப் பற்றவைத்து எனக்குச் சோறு போட்டாளோ. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியவில்லை.

"ஆமா, பனிதான்," என்றேன். "திரும்பி வர சொல்லோ பாத்துக்கலாம்."

பின் சீட்டில் இருந்த பெண், மலை எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, ஒரு மேகம்கூட இல்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகச் சொன்னாள். போட்டோ எடுக்கச் சொன்னாள்.

என் மனைவி திரும்பவில்லை. ஜன்னல் விளிம்பைக் கையால் தடவினாள். மூடியைக் கண்டுபிடித்துக் கீழே இழுத்துவிட்டாள்.

"வெயிலு மூஞ்சில அடிக்குதுங்க," என்றாள்.

அந்தப் பக்கம் வெயில் அடிக்காது. பார்த்துப் பார்த்து எடுத்த சீட்டு அது.