பவுல்சாமி மாமாவுக்கு நேரமில்லை

என் அக்கா புருஷன் பவுல்சாமியைப் பற்றிச் சாந்தோமில் யாரிடம் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். என்னிடம் கேட்காதீர்கள். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவள்.

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கோயில் பங்கில் நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். சாயங்காலமானால் ஜெபமாலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், பேச்சுத்துணைக்கு ஆளில்லாதவர்கள், எல்லோர் வீட்டிலும் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சீசர் கட்டிக் கிடக்கும். அக்கா ஆசையாக வளர்த்த நாய். அக்கா செத்துப்போனாள், மகன் லாய்டு அயர்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டான். சோற்றை வைத்துவிட்டு இவரும் போய்விடுவார். ஊருக்குத்தான் உபதேசம்.

அது குரைப்பதையே நிறுத்திவிட்டது. காதெல்லாம் உண்ணி. என் வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா, இல்லையென்றால் நானே மாடிக்குக் கொண்டுபோயிருப்பேன். ஒருநாள் வயிறு எரிந்து, படியிலேயே நின்று சண்டை போட்டேன்.

"இத யாரு மாமா பாக்கறது?"

"எனக்கு எங்கம்மா டைம்? இன்னிக்கு மட்டும் நாலு வீடு போணும்."

"அப்போ லாய்டுகிட்ட சொல்லிட்டு வேற யாருக்காவது குடுத்துடறேன்."

அது சுட்டது. பையன் கிளம்பும்போது நாயைப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தவராயிற்றே. "குடுக்கல்லாம் வேணாம். நாளையிலேருந்து டைம் ஒதுக்கறேன்" என்றார்.

ஒதுக்கினார். எப்படித் தெரியுமா? நோயாளி வீடுகளுக்குச் சீசரையும் இழுத்துக்கொண்டு போனார். அந்தந்த வீட்டு கேட்டில் அதைக் கட்டிவிட்டு, உள்ளே போய் ஜெபம் சொன்னார். ஒரே இடத்தில் கட்டிக் கிடந்தது இப்போது தெருத்தெருவாகக் கட்டிக் கிடந்தது. கோயிலில் எல்லோரும் அவரைப் பாராட்டினார்களாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வெள்ளிக்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கினார், தனியாக.

"சீசர் எங்க மாமா?"

"கீழதானே கட்டியிருக்கேன்" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

படிக்குக் கீழே வெறும் தட்டுதான் இருந்தது. குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதே ஆட்டோவில் ஏறினோம். வழியெல்லாம் வாய் ஓயாமல் திட்டினேன்.

அவர் கடைசியாகப் போன வீடு குப்பத்துப் பக்கம், அல்போன்சா அம்மாளுடையது. பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறவர். கேட்டில் கயிறு மட்டும் தொங்கியது. மாமா அதை அவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடினார். அந்த அம்மாளின் மருமகள் நாயை உள்ளே விட்டிருக்கிறாள். அது கட்டிலை ஒட்டிப் படுத்திருக்க, அல்போன்சா அம்மாள் தன் நல்ல கையால் அதற்கு உண்ணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸாரிம்மா, மறந்துட்டேன்" என்று மாமா ஆரம்பித்தார்.

"வாத்யாரே, அட்த்த வாரம் நீ வராட்டியும் பரவால்ல, இத்த அனுப்பு. நீ வாட்ச பாத்துக்கினே ஜெபம் சொல்ற. இது சும்மா குந்திக்கினு கீது."

மாமாவின் முகம் தொங்கிப்போனது. எனக்குத் துளிகூடப் பரிதாபம் வரவில்லை.

"நீங்களே வச்சிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"குடு."

மாமா அவசரமாக, "சீசர், வா, வீட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டார். அது அவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தது. எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

"கெளம்புங்க மாமா" என்றேன். "லாய்டுகிட்ட நீங்களே சொல்லிடுங்க."