விரிப்பின் முதுகு

எதையும் திருப்பிப் பார்க்காமல் எனக்கு வாங்கத் தெரியாது. பாசார் கடையில் தட்டு வாங்கினால் அடியைப் பார்ப்பேன். நாற்காலி என்றால் கவிழ்த்துப் போட்டு ஆணி அடித்திருக்கும் லட்சணத்தைப் பார்ப்பேன். கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த மீனை வீட்டுக்கு வந்து என் தராசில் இன்னொரு முறை வைப்பேன். "என்னைக் கட்டிக்கிறப்பவும் திருப்பிப் பாத்தியா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். பார்த்தேன். பெண் பார்க்க வந்த அன்று அவர் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைக் காலால் புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. தெரிந்துதான் சம்மதித்தேன்.

இந்தக் குணம்தான் என்னை விரிப்புகளுக்கு முதுகு தைக்கிறவளாக ஆக்கியது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எங்கள் மேலதிகாரியின் மனைவி, ஒரு வெள்ளைக்கார அம்மாள், சனிக்கிழமை மதியங்களில் பெண்கள் சிலரைக் கூட்டி வைத்துப் பழைய துணியில் விரிப்பு செய்யக் கற்றுக் கொடுத்தார். ஒரு முனையில் கொக்கியும் மறுமுனையில் காதும் உள்ள நீளமான ஊசி. ஓட்டை ஓட்டையாக விறைப்பான ஒரு கான்வாஸ். துணியை விரலளவு நாடாவாகக் கிழித்துக் கான்வாஸுக்கு அடியில் பிடித்துக்கொண்டு, ஓட்டை வழியாகக் கொக்கியால் வளையம் வளையமாக மேலே இழுக்க வேண்டும். ஊசி நிறைய வளையம் சேர்ந்ததும் ஊசியை உருவினால், அதன் காதில் கோத்த நூல் எல்லா வளையங்களுக்குள்ளும் ஓடிப் பூட்டிவிடும். அப்புறம் நாய் பிடித்து இழுத்தாலும் ஒரு வளையம் வெளியே வராது.

அந்த வகுப்புக்கு என் நாத்தனாரையும் அழைத்துப் போனேன். அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. கணவனை இழந்தவள், கிள்ளானில் ஒரே மகளுடன் இருந்தாள், சுங்கை வேயில் தொழிற்சாலை வேலை. அவள் இழுக்கும் வளையங்கள் அளவெடுத்தது போல ஒரே உயரத்தில் நிற்கும். எனக்கு அது வரவில்லை. ஆனால் வேலை முடிந்த விரிப்பைத் திருப்பிப் போட்டால் அங்கே என் ராஜ்ஜியம்தான். நாடாவின் வால்களை அடி வரிசைக்குள் செருக வேண்டும். ஓரத்தில் கான்வாஸை மடித்து நெருக்கமாகச் சுற்றித் தைக்க வேண்டும். கோணிக்கொண்ட விரிப்பைப் பலகையில் நான்கு பக்கமும் குண்டூசி குத்தி இழுத்து, துணி போட்டு இஸ்திரி வைத்துச் சதுரமாக்க வேண்டும். பிறகு துவைத்துச் சுருங்கிய பருத்தித் துணியைப் பின்னால் வைத்து, தையல் வெளியே தெரியாமல் கட்ட வேண்டும். பசை ஆகவே ஆகாது, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முகம் அவளுடையது, முதுகு என்னுடையது என்று வகுப்பில் எல்லாரும் சொல்வார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து அப்படிப் பத்துப் பதினைந்து விரிப்பாவது முடித்திருப்போம்.

ஒரு ஞாயிறு காலை அவள் கிள்ளானிலிருந்து பேருந்து பிடித்து பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். கக்கத்தில் நாளிதழில் சுற்றிய நீளமான சுருள். அடுத்த மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம்.

"அண்ணி, மணவறையில பொண்ணு மாப்பிள்ளை உக்கார்றதுக்கு இது. பின்னாடி தச்சுக் குடுங்க. வேற யார் கண்ணுலயும் காட்டாதீங்க" என்றாள்.

பிரித்தேன். அரக்குப் பட்டு. வளையங்களுக்கு நடுவே அங்கங்கே சரிகை மின்னியது. என் கூறைப் புடவை அரக்கு. ஆறு மாதமாக அதைக் காணோம்.

எப்போது காணாமல் போனது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பித்தப்பையில் கல் என்று என்னை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த இரண்டு வாரமும் இவள்தான் எங்கள் வீட்டில் தங்கிச் சமைத்துப் போட்டாள். அலமாரிச் சாவி அவளிடம்தான் இருந்தது. திரும்பி வந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு விசேஷத்துக்குக் கட்டலாம் என்று பார்த்தால், புடவை இருந்த இடம் காலியாக இருந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனதுக்குள் மட்டும் ஒரு பெயரை எழுதி வைத்துக்கொண்டேன்.

அவளுக்கும் ஓர் அரக்குக் கூறை இருந்தது உண்மைதான். அண்ணன் கல்யாணமும் தங்கை கல்யாணமும் ஒரே மாதத்தில் நடந்தன. மருமகளுக்கு நல்லது, மகளுக்கு மட்டமானது என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாதென்று என் மாமியார் ஒரே கடையில், ஒரே நிறத்தில், ஒரே கரையில் இரண்டு எடுத்தார். ஆனால் கூறைப் புடவையை யாராவது வெட்டுவார்களா? நைந்து போனாலும் மடித்து வைப்பார்கள். கடைசிப் பயணத்துக்கு அதைக் கட்டி அனுப்பச் சொல்லுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தன்னுடையதை வெட்ட எவளுக்கும் கை வராது, அடுத்தவளுடையது என்றால் வரும். என் கணக்கு அவ்வளவுதான். அதிலும் ஊரே பார்க்க உட்காருகிற விரிப்பில் என் புடவை. என்னை எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தால் இப்படித் தோன்றும் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

"பதமா பாத்துச் செய்யறேன்மா" என்று சிரித்த முகமாகச் சொல்லி அவளை அனுப்பினேன்.

எனக்குத் தேவை ஒரு சாட்சி. எங்கள் வட்டாரத்து டோபி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி வைத்திருந்தார். அழியாத கறுப்பு மையில், துணியின் உள்முனையில் சின்னதாகப் போடுவார். பட்டுப் புடவையையும் விட மாட்டார். எங்கள் வீட்டுக் குறி மூன்று புள்ளி, அடியில் ஒரு கோடு. விரிப்பைக் கவிழ்த்துப் போட்டுச் சன்னல் வெளிச்சத்தில் நாடா நாடாவாகத் தேடினேன். அலுவலகம் விட்டு வந்ததும் அதே வேலை. நான்காம் நாள், ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே, நாடாவின் மடிப்பில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. மடிப்பை விரித்தால்தான் தெரியும். விரிக்க வேண்டுமானால் பூட்டு நூலை உருவ வேண்டும்.

உருவினேன். வகுப்பில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், அந்த நூலில் மட்டும் கை வைக்காதே என்று. சரசரவென்று நான்கு வரிசை கழன்று வந்தது. பழைய பட்டு வேறு. இழுத்த இடத்தில் நாடா இழை இழையாகப் பிரிந்து ஒன்றுக்கும் உதவாமல் போனது. ஆனால் என் மடியில் ஒரு துண்டு கிடந்தது. அதில் மூன்று புள்ளி, அடியில் ஒரு கோடு. நாசமானது விரிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. பிடித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்தேன். "உங்க தங்கச்சிக்கு அரக்குப் பட்டு எங்கேருந்து வந்துச்சு?"

"அரக்குன்னா எந்தக் கலரு?" என்றார் அவர். இருபது வருடம் ஒரு கூறைப் புடவையோடு குடித்தனம் செய்தவர்.

மூன்று வாரம் இழுத்தடித்தேன். அவள் என் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டபோதெல்லாம் பின்பக்கத்துக்குச் சரியான துணி அமையவில்லை என்றேன். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது அவளே வந்துவிட்டாள். விரிப்பை மேசையில் கவிழ்த்துப் போட்டு, கழன்ற இடத்தைக் காட்டி, டோபி குறி போட்ட துண்டை அதன் மேல் வைத்தேன்.

"இது யாரோட புடவை?"

அவள் முதலில் கழன்ற வரிசைகளைத்தான் பார்த்தாள். ஒரு விரலால் தடவினாள். "என்னோடது அண்ணி. என் கூறை" என்றாள்.

"கூறையை யாரும்மா வெட்டுவா?"

"நான் வெட்டினேன். இனிமே எங்க கட்டப் போறேன்? வெட்டினது தெரிஞ்சா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நீங்க பின்னாடி தச்சிட்டா ஒண்ணும் தெரியாதுன்னுதான் உங்ககிட்ட குடுத்தேன்."

"அப்போ எங்க வீட்டு மார்க்கு எப்படி வந்துச்சு அதுல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு போனப்புறம் கைப்புள்ளையோட ஒரு வருஷம் நான் எங்க இருந்தேன்? இந்த வீட்லதானே அண்ணி. அம்மா எல்லாருதையும் ஒரே மூட்டையா கட்டித்தானே டோபிக்குப் போட்டாங்க?"

அந்த ஒரு வருடம் எனக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் நம்பவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நன்றாக யோசித்து வைத்திருக்கிறாள் என்றுதான் உள்ளே ஒரு குரல் சொன்னது.

"மணவறைக்கு என்னைய விட மாட்டாங்க. தாரை வார்க்கிறதுகூட நீங்களும் அண்ணனும்தான். நான் வாசல்லதான் நிக்கணும்" என்றாள். "என் பொடவையாச்சும் அவகூட மேல இருக்கட்டும்னு நெனச்சேன். தச்சுக் குடுக்கறதா இருந்தா குடுங்க. இல்லன்னா விடுங்க, பரவால்லலா."

காப்பி குடிக்காமல் போனாள். விரிப்பு மேசையில் அப்படியே கிடந்தது.

அவள் சொன்னது பொய்யாகவே இருந்தாலும் கல்யாணப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று மறுநாள் வேலையைத் தொடங்கினேன். முதலில் பின்பக்கத்துக்குத் துணி வேண்டும். அலமாரி மேலே ஒரு கந்தல் மூட்டை வைத்திருப்பேன். கிழிந்த தலையணை உறை, பழைய வேட்டி எல்லாம் அதில்தான். வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி ஒன்று அளவுக்குச் சரியாக இருக்கும் என்று இழுத்தேன். கனத்தது. பிரித்தால் உள்ளே ரசகற்பூர உருண்டைகளோடு என் கூறைப் புடவை.

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. மருத்துவமனைக்குப் போவதற்கு முதல் நாள், வலியோடு வலியாக நாற்காலி போட்டு ஏறி, நானே அதை அங்கே ஒளித்து வைத்தேன். சாவியை அவளிடம் கொடுக்கப் போகிறோமே, யார் கண்டது, கந்தல் மூட்டையில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று. அவள் எடுத்துவிடுவாள் என்று பயந்து ஒளித்ததை, அவள் எடுத்துவிட்டாள் என்று ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். என்னைத் தவிர யாரையும் திட்ட முடியவில்லை.

கழன்ற நான்கு வரிசைக்கு நாடா வேண்டும். அவளுடைய பட்டில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை, கரை வரை எல்லாவற்றையும் இழுத்திருந்தாள். அதே அரக்கு கோலாலம்பூரில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அது இருந்த ஒரே இடம் என் மடி. உள்முனையில் டோபி குறியைப் பார்த்தேன். மூன்று புள்ளி, ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் கத்தரியை வைத்தேன். தன்னுடையதை வெட்ட எவளுக்கும் கை வராது என்றேனே, வந்தது. எனக்கு வளையம் சரியாக இழுக்க வராது. மூன்று முறை பிரித்து நான்காவது முறை ஓரளவு உயரத்துக்குக் கொண்டு வந்தேன். பின்னால் வேட்டித் துணியை வைத்து, நடுவில் தொங்காமல் சாணுக்கு ஒரு தையல் போட்டு, ஓரம் முழுதும் கண்ணுக்குத் தெரியாமல் கட்டினேன். வாழ்நாளில் நான் தைத்த நல்ல முதுகு அதுதான்.

கல்யாணத்தன்று காலையில் கிள்ளான் மண்டபத்துக்குச் சீக்கிரமே போய்விட்டேன். அவள் வெளிர் நிறப் புடவையில் வாசலருகே நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். சுருளை நீட்டினேன். வாங்கி, கொஞ்சம் பிரித்து, உள்ளங்கையால் நீவிக்கொண்டே போனாள். அந்த இடத்தில் கை நின்றது. இருபது வருடமாக அதிகம் கட்டாத பட்டு, என்னுடையது கொஞ்சம் கூடுதலாக மின்னியது.

"இங்க மட்டும் பளபளன்னு இருக்கே அண்ணி."

மன்னிப்பு என்ற சொல் எனக்கு வாயில் வந்து பழக்கமில்லை. "என் பொடவை கெடைச்சிருச்சும்மா" என்றேன். "வேணும்னா பின்னாடி தையலப் பிரிச்சுப் பாரு, எது யாருதுன்னு உனக்கே தெரியும்."

அவள் விரிப்பை மறுபடி சுருட்டினாள். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க தச்சது அண்ணி. நான் எதுக்குப் பிரிச்சுப் பாக்கணும்?" என்று என் கையிலேயே கொடுத்தாள். "போய் விரிங்க, ஐயர் வந்துட்டாரு."

நான் மணவறை ஏறி விரித்தேன். அவள் வாசலிலேயே நின்றாள்.