இரண்டாம் கியர்

கியர் பெட்டி வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பட்டறைத் தெருவே சொல்லும். கியர்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவருக்கென்று ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. அதைப் பார்த்து யாராவது சிரித்துவிட்டால் போதும், ஒரே மூச்சில் ஒப்பிப்பார்.

"ஆயிரத்துத் தொண்ணூறு சிசி, நாலு சிலிண்டர், நாப்பத்திரண்டு குதிரைத்திறன், முன்னுக்கு நாலு கியர், பின்னுக்கு ஒண்ணு, கியர் ஆயில் ஒண்ணரை லிட்டர்!"

ஐம்பத்தாறாவது வயதில் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் எழுத்தும் போயின. தண்ணீர் என்று கேட்க நாக்கு புரளாது. ஆனால் யாராவது "ஆயிரத்து" என்று எடுத்துக்கொடுத்தால், அந்த ஒப்பிப்பு மட்டும் கடகடவென்று கொட்டிவிடும். மனப்பாடமானது சிலருக்கு இப்படித் தங்கிவிடும் என்றார் டாக்டர். உள்ளே புத்தி தெளிவாகவே இருந்தது. கொடுமையே அதுதான்.

மனைவி தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். குடியிருந்தது தம்பியின் வீட்டில். விருந்தாளி வந்தால் தம்பிக்கு அண்ணன்தான் வேடிக்கை.

"அண்ணே, ஆயிரத்து..."

கொட்டும். கூடம் குலுங்கிச் சிரிக்கும்.

"அவரென்ன பொம்மையா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"பேச்சுப் பயிற்சி அண்ணி. நல்லதுக்குத்தான்."

தலைக்கு மேலிருந்த கூரை அவனுடையது. அவள் அடுப்படிக்குத் திரும்பினாள்.

பிறகு தம்பி காரை விற்கக் கிளம்பினான். இறக்கத்தில் இரண்டாம் கியர் தானாக நழுவி விடுபடும் என்பது அவனுக்குத் தெரியும். பக்கவாதம் வருவதற்கு முந்தைய வாரம் அண்ணனே சொல்லியிருந்தார்: "பெட்டியைப் பிரிச்சுப் பார்க்காம யாரும் இதை ஓட்டக் கூடாதுடா."

வாங்க வந்தவர் மேட்டுத்தெரு ரொட்டிக்கடைக்காரர். நேராகக் கியர்காரர் முன்னால் வந்து குந்தினார்.

"உங்களை நம்பித்தான் வந்திருக்கேன். கியர் பெட்டி எப்படி இருக்கு? மனசறிஞ்சு சொல்லுங்க."

கியர்காரர் தொண்டை நரம்பு புடைக்க முயன்றார். "ரெ... ரெ..." என்பதற்கு மேல் வரவில்லை. இடது கையின் இரண்டு விரல்களைத் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டு வருஷத்துக்குக் கைவைக்க வேண்டாங்கிறாரு," என்றான் தம்பி. அண்ணன் தோளைத் தட்டினான். "சொல்லுங்கண்ணே, ஆயிரத்து..."

கொட்டியது. ரொட்டிக்கடைக்காரர் அசந்துபோய், அன்றைக்கே வண்டியை எடுத்துப் போனார்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார், கையில் கட்டோடு. மேட்டுத்தெரு இறக்கத்தில் வண்டி பிடிபடாமல் ஓடிச் சுவரில் மோதியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

"எனக்கென்னங்க தெரியும்?" என்றான் தம்பி. "மெக்கானிக் அவரு. நீங்க கேட்டீங்க, அவர் சொன்னாரு."

ரொட்டிக்கடைக்காரர் கியர்காரரின் சட்டையைப் பிடித்தார். அழுதுகொண்டே கத்தினார்.

"ஆயிரத்துல ஒருத்தன்னு நம்பினேனே, பாவி!"

கியர்காரர் பல்லைக் கடித்தார். அடக்க முடியவில்லை.

"ஆயிரத்துத் தொண்ணூறு சிசி, நாலு சிலிண்டர்..."

கேலி செய்கிறார் என்று நினைத்தார் ரொட்டிக்கடைக்காரர். ஓங்கி அறைந்தார். அறைக்குப் பிறகும் அது நிற்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிய, ஒண்ணரை லிட்டர் வரைக்கும் போய்த்தான் நின்றது.

கியர்காரர் தெரிந்தே ஏமாற்றினார் என்று பட்டறைத் தெரு பேசியது. பார்க்க வந்துகொண்டிருந்த இரண்டொரு பழைய ஆட்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பேச்சு தையல் கம்பெனி வரைக்கும் எட்டியது.

ஒரு காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே மனைவி கேட்டாள்.

"தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

இல்லை என்று ஆட்டத்தான் நினைத்தார். ஆனால் நோய் வந்ததிலிருந்து தலையும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அது மேலும் கீழுமாக, ஆமாம் என்று ஆடியது.

அவள் மிச்சப் பொத்தான்களையும் போட்டு முடித்தாள். அதற்குப் பிறகும் நாலு வருஷம் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், படுக்கையை மாற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.