நெற்றி வரை வந்த படம்

அலுவிகாரையில் எங்கள் வீடு கண்டி - தம்புள்ளைப் பெருந்தெருவை ஒட்டியது. நான் ஓய்வு பெற்ற பிறகு மாடியில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டோம். யுத்தம் முடிந்த வருஷம் வீட்டுக்கு வைஃபை வந்தது. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று கொம்பனி அளந்து கொடுத்ததை விருந்தாளிகள் ஒரு வாரத்திலேயே தீர்த்துவிட்டார்கள். அதனால் ஆளுக்கு ஒரு பங்கு என்று ரவுட்டரில் அளவு வைத்தேன். பங்கு முடிந்தவருக்கு மறுநாள் காலை வரை இணைப்பு கிடைக்காது. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவன் நான். சமபங்கு என்ற சொல்லே எனக்கு இனிக்கும்.

அந்தப் பங்கும் மெதுவாகத்தான் இறங்கும். வழக்கமாக வந்து தங்கும் புடவை வியாபாரி ஒருவர், "சேர், படத்தைத் தொறந்து வச்சிட்டு அஸர் தொழப் போனேன். தொழுதுட்டு வந்து பார்த்தா இன்னும் பாதிதான் வந்திருக்கு. ஒங்கட வைஃபை மனுசனுக்குப் பொறுமையைப் படிச்சுக் குடுக்குது" என்பார். நானும் சிரிப்பேன்.

என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. விருந்தாளி தட்டைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் ஒரு கரண்டி சோறு போட்டுவிடுகிறவள் அவள். "சோத்துக்கு அளவு பார்க்காத வீட்ல இதுக்கு மட்டும் என்னங்க அளவு?" என்று கேட்டாள்.

வவுனியாவிலிருந்து ஓர் அம்மா வந்து ஓர் இரவு தங்கினார். யுத்தத்தில் தவறிப்போன மகனைத் தேடிக் கொழும்புக்குப் போகிற வழி. மடியில் ஒரு பழைய லப்டொப். மறுநாள் மத்தியானம், வெளிநாட்டிலிருக்கும் அவருடைய தம்பி ஒரு படம் அனுப்பினார். முகாம் ஒன்றில் யாரோ எடுத்த படம். அதில் நிற்பது மகன்தானென்றால் அவர் வவுனியாவுக்கே திரும்பி அந்த முகாமுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் கொழும்பு ஆஸ்பத்திரிகளில் தேட வேண்டும்.

மழை பெய்துகொண்டிருந்தது. மிளகுக் கொடிகளுக்கு மேலே புகைபோல நீர். ஜன்னலோரம் நாங்கள் மூவரும் அந்தத் திரையைப் பார்த்திருந்தோம். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் வெள்ளை வானம். பிறகு தகரக் கூரை, முட்கம்பி. மழைச் சத்தத்தில் காலம் எங்கோ ஒதுங்கிவிட்டதுபோல் இருந்தது. தலைமயிர் வந்தது. நெற்றி வந்தது.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ, இப்ப முகம் வந்திடும்" என்றார் அந்த அம்மா. நான் அவசரப்படுத்தவே இல்லை.

நெற்றியோடு படம் நின்றது. காலையில் தம்பியோடு பேசியதில் அவருடைய பங்கு பெரும்பாலும் போயிருந்தது.

"தொறந்து விடுங்களேன், பாவம்" என்றாள் மனைவி.

ரவுட்டர் பக்கத்து அலுமாரியில்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. "எல்லாருக்கும் ஒரே அளவுதாம்மா. காலைலதான் திரும்ப வரும்" என்றேன். காலை வரை தங்கும்படியும் சொல்லவில்லை. வடக்கிலிருந்து வந்தவரென்று பொலிசில் அவரைப் பதிந்தது ஓர் இரவுக்குத்தான். இன்னொரு இரவு என்றால் ஏன் என்று கேட்பார்கள். முகாம் படம் உன் வீட்டு லைனில் எப்படி வந்தது என்றும் கேட்பார்கள். நான் காத்தது சமபங்கை அல்ல, என்னை. சமபங்கு என்பது அன்று எனக்கு நல்ல சட்டையாக இருந்தது.

அந்த அம்மா திரையில் அந்த நெற்றியை ஒரு விரலால் தொட்டார், காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு லப்டொப்பை மூடினார்.

"இப்ப எந்தப் பக்கம் போவீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"எந்த பஸ் முதல்ல வருதோ, அதில ஏறுறன் பிள்ளை."

மனைவி சோற்றுப் பார்சலோடு பின்னாலேயே தெருவுக்குப் போனாள். நான் ரவுட்டரின் அருகில் நின்றேன். பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. பஸ் ஒன்று வந்து நின்று புறப்படும் சத்தம் மட்டும் கேட்டது. கொழும்புக்குப் போகிற கண்டிப் பக்கமா, வவுனியாவுக்குத் திரும்புகிற தம்புள்ளைப் பக்கமா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. நனைந்து திரும்பி வந்த மனைவி தலையைத் துவட்டினாள்.

அன்று மாலையே அளவை எடுத்துவிட்டேன். இப்போது எங்கள் வைஃபைக்குக் கடவுச்சொல்கூடக் கிடையாது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மதிலோரம் சாய்ந்து படம் பார்க்கிறார்கள். மழை நாட்களில் சாய்வு நாற்காலியில் கண் சொருகும்போது, அந்தப் படம் எனக்கு மறுபடி இறங்குகிறது. வானம், தகரம், கம்பி, நெற்றி. சில நாட்களில் புருவம் தொடங்குவதுபோலத் தோன்றும். அதற்குள் விழித்துவிடுகிறேன்.

அது எந்தப் பக்கத்து பஸ் என்று மனைவிக்குத் தெரியும். இன்றுவரை நான் அவளிடம் கேட்கவில்லை.